ஒற்றைக்கட்ட மோட்டாருக்கு ஏற்ற காண்டாக்டர்



உறைந்த ரப்பர்ப்பாலைத் தகடாக்கும் உருளை இயந்திரத்தைக் கையால் சுற்றிய காலம் உண்டு. பின்னர்ப் பல கொட்டகைகளில் அவ்வேலையைச் சிறு மின்மோட்டார் ஏற்றுக்கொண்டது. அம்மோட்டாருக்கு விளக்குச் சுவிட்சையே பொருத்திவிடுவோரும் உளர். "ஓடுகிறதே, போதாதா?" என்பர். போதாது.

இயந்திரம் ஓடுகையில் மின்சாரம் தடைப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். சிக்கிய தகட்டை எடுக்க ஒருவர் உருளைகளுக்கிடையே கைவிடுகின்றார். சுவிட்ச் போட்டபடியே இருப்பதால், மின்சாரம் மீண்ட கணமே உருளைகள் சுழலும். விரல்கள் என்னாகும்? காண்டாக்டர் என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். பச்சை, சிவப்புப் பொத்தான்களுடன் அதனை முறையாக இணைத்துவிட்டால், மின்சாரம் நின்றதும் அது விடுபட்டுவிடும். மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினாலன்றி மோட்டார் அசையாது. ஆயினும் கைவிடுமுன் தலைமைச் சுவிட்சை அணைத்தே தீரவேண்டும்.

இனி, எதனை வாங்குவது? முதலில் மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படியுங்கள். அதில் 9 அம்பியர் என்றிருந்தால், புறப்படும் வேளையில் அது 50 அம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். காண்டாக்டரின் மீதோ இரண்டு எண்கள் காணப்படும்: ஏ.சி.-1 என்பதற்கு நேராக 25 அம்பியர், ஏ.சி.-3 என்பதற்கு நேராக 9 அம்பியர் என்பதுபோல. முன்னது வெப்பமூட்டி போன்ற அமைதியான சுமைகளுக்குரியது. மோட்டாருக்குரியது பின்னதே. கடைக்காரர் பெரிய எண்ணைத்தான் சொல்லுவார். நீங்கள் சிறிய எண்ணைக் கேளுங்கள். 9 அம்பியர் மோட்டாருக்கு ஏ.சி.-3 கணக்கில் 12 அம்பியர் தாங்குவதை வாங்குவதே நன்று என்பது எமது கருத்து.

அடுத்து, காந்தத்தை இயக்கும் கம்பிச்சுருளின் வோல்ட் அளவு. 24, 110, 230, 400 என்று பலவகை உண்டு. வெளித்தோற்றத்தில் அனைத்தும் ஒன்றே. நம் நாட்டின் ஒற்றைக்கட்ட மின்சாரம் 230 வோல்ட். 24 வோல்ட் சுருளை அதில் இணைத்தால் உடனே கருகும். 400 வோல்ட் சுருளோ சரியாக இழுக்க மாட்டாமல் உறுமிக்கொண்டே சூடேறும்.

சரியான சுருளுக்கும் ஏறத்தாழ 195 வோல்ட்டாவது வேண்டும். நெடுந்தொலைவிலிருந்து மெல்லிய கம்பியில் மின்சாரம் வந்தால், மோட்டார் புறப்படும்போது அழுத்தம் தாழ்ந்து காண்டாக்டர் படபடவென்று அடித்துக்கொள்ளும். அவ்வாறு அடித்துத் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால், சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் நில்லாது. இதற்குப் பெரிய காண்டாக்டர் பரிகாரமன்று. தடித்த கம்பியே பரிகாரம்.

காண்டாக்டர் மட்டும் மோட்டாரைக் காக்காது. அதன்கீழ் மிகைச்சுமை ரிலே ஒன்று வேண்டும். அதனைப் பெயர்த்தகட்டிலுள்ள அம்பியருக்கே திருப்பி வைக்க வேண்டும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வழி கொண்டவை. ஒரு வழியை வெறுமனே விட்டால், கட்டம் அறுந்ததாகக் கருதி ரிலே அடிக்கடி நிறுத்திவிடும். ஆகவே மூன்று வழியிலும் மின்சாரம் செல்லுமாறு தொடராக இணைக்கச் சொல்லுங்கள்.

இணைப்பு வேலை பதிவு பெற்ற மின்பணியாளருடையது; நாமே கைவைத்தல் தகாது. அவர் பெட்டியைப் பொருத்தும்போது கம்பி நுழையும் துளைகளை அடைத்தாரா என்று பாருங்கள். வெதுவெதுப்பை நாடி எறும்புகள் உள்ளே குடியேறும். காந்த முகங்களுக்கிடையே நாலைந்து நசுங்கினாலே காண்டாக்டர் உறுமத் தொடங்கிவிடும்.