தழுவக் குழைந்தார் சந்நிதியும் ஓசைக்கு அஞ்சும் குழந்தையும்

(திருக்குட நன்னீராட்டு விழாச் சொற்பொழிவு)



காஞ்சித் திருவேகம்பத்தின் வரலாறு யாவரும் அறிந்ததே. அம்மை மாமர நிழலில் மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டுக்கொண்டிருந்தாள். கம்பையாறு பெருகி வந்தது. திருமேனி கரைந்துவிடுமே என்று அஞ்சிய அம்மை அதனை இறுகத் தழுவிக்கொண்டாள். ஐயனும் அத்தழுவலுக்கு ஏற்பக் குழைந்து, தழுவக் குழைந்தார் என்னும் திருநாமம் பெற்றார். மணலால் ஆகிய அத்திருமேனிக்கு இன்றளவும் நீராட்டு இல்லை. அபிஷேகம் ஆவுடையாருக்கே நடைபெறுகிறது. திருமேனியின் மென்மையைக் கருதி வழிபாட்டின் முறையையே ஆன்றோர் வகுத்துக்கொண்டனர். அதனால் வழிபாடு குறைவுபட்டது என்று எவரும் கூறியதில்லை.

இறைவன் திருமேனிக்குக் காட்டப்படும் இந்த மென்மை, அவன் சந்நிதியை நாடிவரும் குழந்தைகளுள் சிலருக்கும் வேண்டப்படுகிறது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். தறியோசையின் நடுவே வளரும் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன். தறியின் ஓசை ஓர் ஒழுங்கில் எழுவது. அடுத்த ஓசை எப்போது வரும் என்பது அவனுக்குத் தெரியும். அதன் அருகிலேயே அவன் அயர்ந்து உறங்குவான். அவனைப் பெற்றோர் ஒரு விழா நாளில் கோயிலுக்கு அழைத்து வருகின்றனர். தீபாராதனைக்குத் திரை விலகுகிறது. மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் ஒருசேர அதிர்கின்றன. கற்பூர மணம், ஈரக் கல்லின் வழுக்கல், மேலே வந்து இடிக்கும் கூட்டம், கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு யாவும் ஒரு கணத்தில் அவன்மேல் விழுகின்றன. காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறுகிறான்.

“பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை” என்கிறார் ஒருவர். “காற்றுச் சேட்டை, மந்திரித்துக் கயிறு கட்டுங்கள்” என்கிறார் மற்றொருவர். தாய் தலைகுனிந்து வெளியேறுகிறாள். அதன்பின் அவள் கோயிலுக்கு வருவதேயில்லை. அவளைத் தடுத்தது மணியோசையன்று. சூழ நின்றவர்களின் பார்வையே.

இது பிடிவாதமும் அன்று. தெய்வக் குற்றமும் அன்று. 1943ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கானர், பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து, ஆட்டிசம் என்னும் மதியிறுக்கத்தைப் பற்றி எழுதினார். பேரோசையும் அசையும் பொருள்களும் அவர்களை அச்சுறுத்துவதை அப்போதே குறித்தார். புலன்கள் அளவுக்கு மீறியோ அளவிற் குறைந்தோ உணர்வதையும் இதன் அடையாளங்களுள் ஒன்றாக 2013இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நூல் சேர்த்துக்கொண்டது. நூறு ஓசைகளுக்கிடையே வேண்டிய ஒன்றைக் கேட்டு மற்றவற்றை ஒதுக்கும் ஆற்றல் பெரும்பாலோருக்குத் தானே அமைகிறது. இக்குழந்தைகளுள் பலருக்கு நூறும் ஒரே வலிவோடு வந்து மோதுகின்றன. மதியிறுக்கம் இல்லாத சில குழந்தைகளுக்கும் இத்தகைய புலன்கூச்சம் உண்டு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த இருபத்தொரு வகைகளுள் மதியிறுக்கமும் ஒன்று. முன்பு காஞ்சி மாவட்டத்திலும், 2019 முதல் செங்கற்பட்டு மாவட்டத்திலும் அடங்கிய முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் நிறுவனம் இயங்கி வருகிறது. பிற நாடுகளிலும் பொது இடங்கள் இவர்களுக்காகக் குழைந்து கொடுக்கின்றன. நியூயார்க் நகரில் 2011இல் புகழ்பெற்ற நாடகம் ஒன்றை ஒலியையும் ஒளியையும் தணித்து இக்குழந்தைகளுக்கென நடித்தனர். இலண்டனை அடுத்த காட்விக் விமான நிலையத்தில் 2016இல் சூரியகாந்திப் பூ வரைந்த கழுத்துநாடாவை வழங்கத் தொடங்கினர். அதை அணிந்தவருக்குக் கண்ணுக்குப் புலப்படாத குறை உண்டென அறிந்து பணியாளர் பொறுமை காட்டுவர்.

கோயிலில் செய்யத் தக்கவை யாவை? விழாவை நிறுத்த வேண்டுவதில்லை. மேளத்தை ஒழிக்க வேண்டுவதில்லை. கூட்டமில்லாத ஒரு வார நாளில், காலையில் நடை திறந்தபின் ஒரு நாழிகை நேரம், மின்முரசையும் ஒலிபெருக்கியையும் நிறுத்திவைத்தால் போதும். மின்முரசு ஆகமம் வகுத்ததன்று; கைம்மணியின் இன்னொலியே பூசைக்குப் போதுமானது. அவ்வேளையைப் பலகையில் எழுதிவைத்தல் வேண்டும்.

நந்தவனத்திலோ ஒதுக்கமான மண்டபத்திலோ ஓரிடத்தை இவர்களுக்கென விடலாம். வரிசைக் கம்பிகளின் நடுவே வெளியேற ஒரு வழி இருத்தல் வேண்டும். எந்நேரமும் வெளியே போகலாம் என்னும் உறுதியே பாதி அச்சத்தைப் போக்கிவிடும். கோபுரம், செருப்பு விடும் இடம், கொடிமரம், சந்நிதி என்று வரிசையாகப் படங்கள் அச்சிட்டுக் கொடுத்தால், வீட்டிலேயே தாய் குழந்தைக்குக் காட்டிப் பழக்குவாள். தறியின் அடுத்த ஓசையை அறிந்தவன் அஞ்சாதது போலவே, அடுத்து வருவது இன்னதென அறிந்த குழந்தையும் அஞ்சுவது குறையும். அர்ச்சகர் திருநீற்றை நெற்றியில் இடாமல் கையில் கொடுக்கலாம். பெருமாள் கோயிலில் சடாரி சாத்துமுன் “வைக்கலாமா?” என்று தாயை ஒரு சொல் கேட்கலாம். தொடுதலே துன்பமாகும் குழந்தைக்கு அந்த ஒரு சொல் பேருதவி.

முதற்படியாகக் கயிலாசநாதர் கோயிலுக்கு அழைத்துச் செல்வதும் நன்று. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த அக்கற்றளியில் பெருங்கூட்டம் இராது. திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களைக் குழந்தை தன் விருப்பம்போல் சுற்றி வரலாம். அங்கே பழகிய கால்கள் பிறகு பெரிய கோயிலின் படியை ஏறும்.

2019ஆம் ஆண்டில் அத்திவரதர் 48 நாள்கள் காட்சியளித்தபோது இந்நகரில் கடலெனத் திரண்ட கூட்டத்தைக் கண்டவர் மறவார். நாற்பதாண்டுக்கு ஒருமுறை வரும் அக்காட்சி இனி 2059இல் நிகழும். இன்று காதைப் பொத்தி அழும் சிறுவன் அன்று நடுவயதினனாக இருப்பான். கோயில் அன்று அவனுக்கு உரிய இடமாக இருக்குமா, அச்சந்தரும் இடமாக இருக்குமா என்பது இன்றைய அமைதியான காலைப்பொழுதுகளைப் பொறுத்தது.

காமாட்சியன்னை இருநாழி நெல் கொண்டு இந்நகரில் முப்பத்திரண்டு அறம் வளர்த்தாள் என்பர். அவற்றுள் மகவு வளர்த்தலும் ஒன்று. அது பெற்றவளுக்கு மட்டும் உரிய அறமாயின் அன்னை அதனை ஊரறிய வளர்த்திருக்க வேண்டுவதில்லை. கோபுரம் புதுக்கிக் கலசத்தில் புனிதநீர் சொரியும் இந்நன்னாளில், திரும்பிப் போன அத்தாய் மீண்டும் வந்தால் அவளுக்கு வழிவிட்டு, குழந்தையின் அழுகையைப் பொறுத்து, முகம் சுளியாமல் நிற்பதும் திருப்பணியே ஆகும்.

தழுவக் குழைந்தார் திருவருள் யாவர்க்கும் கைகூடுக!