முயலகனும் மறதியும்



நெய்வேலி நகரியத்தில் அழகிய திருச்சிற்றம்பலமுடையான் என்னும் திருநாமத்தோடு ஆடல்வல்லான் எழுந்தருளியிருக்கிறான். 10 அடி 1 அங்குல உயரமும், 8 அடி 4 அங்குல அகலமும், 2,420 கிலோ எடையும் கொண்ட ஐம்பொன் திருமேனி அது. சந்நிதியில் நிற்பவர் கண்கள் முதலில் திருமுகத்தின் முறுவலை நாடும். பின்னர்த் தூக்கிய திருவடியை நாடும். ஊன்றிய திருவடியின் கீழே கிடக்கும் சிற்றுருவத்தை நின்று நோக்குவோர் மிகச் சிலரே.

அவன் பெயர் முயலகன். வடமொழியில் அபஸ்மாரன் என்பர். 'அப' என்றால் நீங்குதல். 'ஸ்மார' என்றால் நினைவு. நினைவு நீங்கிய நிலையே ஓர் உருவெடுத்து அங்கே கிடக்கிறது. பழைய மருத்துவ நூல்கள் உணர்வு தப்பச் செய்யும் வலிப்பு நோய்க்கும் இப்பெயரையே இட்டன. சைவ சித்தாந்திகள் அவனை உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தின் உருவம் என்று கொள்வர்.

இங்கே நின்று எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. பெருமான் யானையை உரித்தான், முப்புரத்தை எரித்தான், கூற்றுவனை உதைத்தான். முயலகனை மட்டும் அழித்தொழித்ததாகக் கூறுவதில்லை. அவன் எழாதவாறு ஒரு திருவடியை ஊன்றியபடியே ஆடுகிறான். மறதி உலகில் இல்லாமற் போய்விடவில்லை, அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

நாற்பத்தைந்து, ஐம்பது வயதை எட்டிய ஒருவரை மனத்தில் கொள்வோம். இருபது ஆண்டுகளாகப் பிழையின்றிப் பாடிவந்த தேவாரப் பதிகத்தின் நடுவில் அடுத்த அடி வரவில்லை. அடுப்பில் பாலை வைத்தது நினைவில்லை. பழகிய உறவினரின் பெயர் நாவின் நுனியில் நிற்கிறது. வெளியே வர மறுக்கிறது. காலையில் எழும்போதே உடல் அடித்துப் போட்டாற்போல் சோர்ந்து கிடக்கிறது. வீட்டார் சோம்பல் என்கின்றனர். அலுவலகத்தில் அக்கறையின்மை என்கின்றனர். அவரோ எவரிடமும் சொல்லாமல், 'இறைவன் என்னைக் கைவிட்டுவிட்டானோ' என்று உள்ளுக்குள் அஞ்சுகிறார்.

அடியவர் உள்ளத்தில் இந்த அச்சம் எழுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. காரைக்கால் அம்மையார் இறைவனிடம் கேட்ட வரங்களுள், மீண்டும் பிறக்க நேர்ந்தால் அவனை மறவாதிருக்க வேண்டும் என்பதும் ஒன்று. மறவாமையே பக்தி என்று கேட்டு வளர்ந்தவருக்குப் பாட்டு மறந்தால் பக்தியே குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஆனால் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்பாண்டிக்கொடுமுடியில் பாடியதையும் உடன் எண்ண வேண்டும். தாம் மறந்தாலும் தம் நா ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்றார் அவர். இறைவனின் தோழரே 'நான் மறக்கக் கூடும்' என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கும்போது மற்றவர் நாணுவது எதற்கு? அம்மையார் வேண்டிய மறவாமை உயிரின் பற்றைக் குறித்தது. சாவியை எங்கே வைத்தோம் என்பதும் பாட்டின் அடுத்த அடி எது என்பதும் மூளை என்னும் உறுப்பின் வேலை. உறுப்பு நோயுறும், அதற்கு மருத்துவமும் உண்டு.

திருச்சிராப்பள்ளிக்கு அருகே, கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருவாசி, தேவாரத்தில் திருப்பாச்சிலாச்சிராமம் எனப்படும். அப்பகுதியை ஆண்ட கொல்லி மழவனின் மகளை முயலகன் என்னும் நோயே பற்றியது. அவள் உணர்விழந்து கிடந்தாள். எவ்வளவோ முயன்றும் தீராத நிலையில் தந்தை அவளைக் கோயிலுக்குக் கொணர்ந்து இறைவன் திருமுன் கிடத்தினான். அவ்வேளையில் திருஞானசம்பந்தர் அங்கு எழுந்தருளினார். கிடந்த பெண்ணைக் கண்டு, இது என்ன என்று வினவினார். மன்னன் மறைக்காமல் உள்ளபடி கூறினான். பிள்ளையார் பதிகம் பாடி வேண்ட, நோய் நீங்கிப் பெண் எழுந்தாள். அத்தலத்தில் நடராசப் பெருமான் முயலகன் மீதன்றிப் பாம்பின் மீது ஆடுவதாக இன்றும் காட்டுவர்.

இவ்வரலாற்றில் அற்புதத்தைப் போற்றுவோர் பலர். மன்னன் செய்ததையும் போற்றலாம். அரசன் மகளுக்கு நோய் என்று ஊர் பேசுமே என எண்ணி அவன் அவளை அந்தப்புரத்தில் ஒளித்து வைக்கவில்லை. பலர் கூடும் இடத்திற்குக் கொணர்ந்தான், கேட்டவரிடம் சொன்னான். சம்பந்தரும் 'முன்வினை' என்று கூறி நகர்ந்துவிடாமல், முதலில் என்ன நேர்ந்தது என்று கேட்டார். இன்று மருத்துவர் கேட்கும் முதற் கேள்வியும் அதுவே.

அக்கேள்விக்கு விடை பெரும்பாலும் எளிய இடத்தில் கிடைக்கிறது. நெய்வேலிக்கு அருகிலுள்ள வடலூரில், 1867-ஆம் ஆண்டு தருமசாலையை நிறுவி அணையா அடுப்பை ஏற்றிய வள்ளற்பெருமான், பசி மிகும்போது அறிவு மயங்குவதையும் உடல் தளர்வதையும் தம் உரைநடை நூலில் ஒவ்வொன்றாக விரித்துரைத்தார். வயிறு நிறைந்தும் உடல் பசித்திருக்கும் நிலை ஒன்று உண்டு என்பதை இன்றைய மருத்துவம் கூறுகிறது. இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வந்தால் படியேறவும் இயலாத களைப்பு உண்டாகும். 'பி-12' என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தால் களைப்போடு மறதியும், பாதங்களில் மதமதப்பும், நாக்கில் எரிச்சலும் சேரலாம். புலால் மறுத்த அடியார்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். இச்சத்து கீரையிலோ பருப்பிலோ காய்கறியிலோ கிடைப்பதில்லை. மரக்கறி உண்போருக்குப் பால், தயிர், மோர் ஆகியவற்றால் ஓரளவு கிடைக்கும். நினைவாற்றலுக்கென வல்லாரைக் கீரையை நாள்தோறும் உண்டாலும் இக்குறை தீராது. சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மாத்திரையைப் பல்லாண்டுகள் உட்கொள்வோருக்கும் இக்குறை வரக்கூடும். ஓர் இரத்தப் பரிசோதனை இதனைக் காட்டிவிடும். மாத்திரையாலோ ஊசியாலோ சரிசெய்யலாம். நெடுநாள் விட்டுவிட்டால் நரம்புக்கு நேர்ந்த கேடு முழுதும் மீளாது போகலாம். கொல்லாமை நோன்பைக் கைவிட வேண்டியதில்லை. பரிசோதனையைக் கைவிடாதிருந்தால் போதும்.

தைராய்டு சுரப்பி மந்தமானாலும் இதே தொல்லைகள் வரும். உடல் பருத்தல், மலச்சிக்கல், தலைமுடி உதிர்தல், பிறருக்கு உறைக்காத குளிர் தமக்கு மட்டும் உறைத்தல் ஆகியவை உடன் வரலாம். பெண்களுக்கு இது மிகுதி. மாதவிலக்கு நிற்கும் பருவத்தின் தூக்கமின்மையும் மறதியும் இதனோடு கலந்துவிடுவதால், 'வயதாகிறது' என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடும் தாய்மார் பலர். கட்டுப்படாத சர்க்கரையும், மனச்சோர்வும், மதுவும், தூக்க மாத்திரைகளும் நினைவைக் குலைப்பவையே.

இனி உறக்கம். இந்நகரைப் பொறுத்தவரை இதுவே பெரிய செய்தி. 1956-இல் நிறுவனம் தோன்றி, 1957-இல் சுரங்கப் பணி தொடங்கி, 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அன்றுமுதல் சுரங்கமும் அனல் நிலையங்களும் இரவு பகல் பாராமல் இயங்கும் ஊர் இது. எந்திரம் உறங்காத ஊரில் மனிதர் முறை வைத்து உறங்க வேண்டியிருக்கிறது. இரவு ஷிப்டு முடிந்து வருபவர் பகலில் படுத்தாலும் உறக்கம் இரவைப் போல் நீளாது. வெயில் வெளிச்சமும், குக்கர் விசிலும், வாசலில் அழைப்பு மணியும் அதனை அறுத்துவிடும். அன்று கண்டதையும் கேட்டதையும் மூளை அடுக்கி வைப்பது உறக்கத்தில்தான். அந்த வேலை ஆண்டுக்கணக்கில் பாதியில் நின்றால் மறதி வராமல் என்ன செய்யும்? அறைக்குக் கனத்த திரை இடுவதும், அந்நேரத்தில் வீட்டார் ஓசை குறைப்பதும் பணிமுறையில் இருப்பவருக்குச் செய்யும் தொண்டு. குறட்டை பெரிதாகி, இடையில் மூச்சு நின்று, திணறி விழிப்பவர் அதனைத் தனியே மருத்துவரிடம் கூற வேண்டும். அது உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாகலாம். உறங்குபவருக்கு அது தெரியாது. அருகில் படுப்பவரே சாட்சி.

இவ்வளவும் பார்த்து எல்லா முடிவுகளும் சரியாக இருக்கின்றன என்று வந்துவிடுவதும் உண்டு. நோயாளிக்கு அதுவே பெருந்துன்பம். ஏனெனில், 'உனக்கு ஒன்றுமில்லை' என்று வீட்டார் சொல்லத் தொடங்குவது அப்போதுதான். பரிசோதனையில் பிடிபடாத நீடித்த களைப்பு நோய் ஒன்று உண்டு என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. சிறிது உழைத்தாலும் மறுநாள் படுக்கையில் தள்ளுவதும், சிந்தனையில் மூடுபனி படர்ந்தாற்போல் இருப்பதும் அதன் இயல்பு. 2020-க்குப் பின் கொரோனாத் தொற்றிலிருந்து மீண்டோரில் சிலரும் இத்தகைய துன்பத்துக்கு ஆளாயினர். இவர்களை 'எழுந்து சுறுசுறுப்பாக நட' என்று விரட்டுவது தவறு. தம் ஆற்றலின் அளவறிந்து, பணியைச் சிறு கூறுகளாக்கி, களைப்பு வருமுன் அமர்வதே அவர்களுக்குத் தக்கது. சாவிக்கு ஓரிடம், கண்ணாடிக்கு ஓரிடம், மாத்திரைக்கு ஒரு பெட்டி என்று பழக்கிக்கொள்ளலாம். பாட்டு மறந்தால் ஏட்டைப் பார்த்துப் பாடலாம். ஓதுவாமூர்த்திகள் ஏட்டை விரித்து வைத்துப் பாடுவதை எவரும் குறையாகக் கருதியதில்லை.

ஆயினும் பழகிய தெருவிலேயே வழி தப்புவது, மறதி மாதந்தோறும் மிகுவது, காரணமின்றி எடை குறைவது ஆகியவற்றைக் கண்டால் காலம் தாழ்த்தலாகாது. திடீரெனப் பேச்சுக் குழறி ஒருபக்கம் கைகால் தளர்ந்தால், அந்த நொடியே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். திருநீறு இட்டுக்கொண்டே புறப்படலாம், அதற்காகத் தாமதிக்கலாகாது.

நெய்வேலித் திருக்கோயிலில் ஓர் அரிய வழக்கம் உண்டு. குறையுடையோர் தம் குறையைத் தாளில் எழுதி, அதற்கென வைத்துள்ள மனுநீதி முறைப்பெட்டியில் இட்டு, ஆராய்ச்சி மணியை ஒலிப்பர். 'மறதி, களைப்பு' என்று இரண்டு சொல்லில் எழுதி முடித்துவிடாமல், எந்த மாதத்தில் தொடங்கியது, நாளின் எந்த வேளையில் மிகுகிறது, எத்தனை மணி நேரம் உறக்கம், என்னென்ன மாத்திரை, என்ன உணவு, மனத்தை வருத்துவது எது என்று விரிவாக எழுதலாம். கூத்தப்பெருமானுக்கு அவ்வளவும் முன்பே தெரியும்; எழுதுபவருக்குத்தான் எழுதும்போது தெளிவு பிறக்கும். அப்படி எழுதியதற்குப் படி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, பெட்டியில் ஒன்றை இட்டு மணியை அடித்த பின், மற்றொன்றை மருத்துவரிடம் கொண்டு செல்லலாம். மறந்துவிடுவோம் என்று அஞ்சுபவர் அத்தாளை வாசற்கதவின் தாழ்ப்பாளுக்கு அருகில் செருகி வைக்கலாம். வெளியே புறப்படும்போது கண்ணில் படும்.

திருச்சிற்றம்பலம்