கூட்டுப்பொருள் பொறியியலில் முதுகலைப் படிப்பு

(தோட்டச் சமூக மண்டபமொன்றில் பெற்றோருக்கும் மாணவருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத்துப் பிள்ளை ஒருவர் பொறியியல் பட்டம் பெற்று வீடு திரும்பும்பொழுது, குடும்பம் எதிர்நோக்கியிருப்பது அவரது முதல் மாதச் சம்பளத்தைத்தான். அந்நேரத்தில் அப்பிள்ளை, "இன்னும் இரண்டாண்டுகள் முதுகலை படிக்க விரும்புகிறேன்; பாடம் கூட்டுப்பொருள் பொறியியல்" என்று கூறினால், பெற்றோர் திகைப்பது இயல்பே. அப்பாடம் யாது, அதற்கென இரண்டாண்டுச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பது தகுமா என்பனவற்றையே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

பெயர் புதிதாயினும் பொருள் உங்களுக்குப் புதிதன்று. வெட்டுமரக் காட்டிற்கு நீங்கள் ஓட்டிச் செல்லும் மோட்டார் சைக்கிளின் டயரைப் பாருங்கள். அது வெறும் ரப்பராக இருப்பின் காற்றடைத்ததும் ஊதிப் பெருத்துவிடும். உள்ளே பதிந்துள்ள நூலிழைகள் இழுவிசையைத் தாங்குகின்றன. ரப்பரோடு கலந்த கரித்தூள் தேய்மானத்தைக் குறைக்கிறது. ரப்பரோ இவையனைத்தையும் பிணைத்துக்கொண்டு சாலையைப் பற்றுகிறது. தனித்தனியே இயலாத வேலையைச் சேர்ந்து செய்யுமாறு வெவ்வேறு பொருள்களை இணைத்து ஆக்கியதே கூட்டுப்பொருள். இரும்புக் கம்பியை உள்ளே வைத்துக் கட்டும் சிமெண்டுத் தூணும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இத்துறையில் முன்னணியில் நிற்பது விமானத் தொழில். 2011இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கூட்டுப்பொருளாகும். தலைமயிரினும் மெல்லிய கார்பன் இழைகளை எப்பாக்ஸி என்னும் பிசினில் தோய்த்த விரிப்புகளாக்கி, அவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, பெரியதோர் அழுத்த உலையில் இட்டு, ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இறுகச் செய்கின்றனர். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது மீண்டும் உருகாத உறுதியைப் பெறுகிறதல்லவா? பிசின் இறுகுவதும் அதனையொத்த செயலே. பிசின் தோய்ந்த விரிப்புகள் காலத்திற்கு முன்னரே இறுகிவிடாதிருக்க, அவற்றைப் பூச்சியத்திற்கும் கீழே 18 பாகைக் குளிரில் வைக்கின்றனர். பால் ஆலையை அடையுமுன் உறைந்துவிடாதிருக்க அம்மோனியா சேர்க்கும் உங்களுக்கு இதன் காரணத்தை நான் விளக்க வேண்டுவதில்லை.

இவ்வேலை நம் நாட்டிலும் நடைபெறுகிறது. 1990இல் தோற்றுவிக்கப்பெற்ற சி.டி.ஆர்.எம். நிறுவனம், மலாக்காவின் பத்து பெரெண்டாமில் ஏர்பஸ் விமானச் சிறகுகளுக்கான பாகங்களைச் செய்கிறது. கெடாவின் புக்கிட் காயு ஈத்தாமிலும் இத்தகைய ஆலை உண்டு. எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விரிப்பை அளந்து வெட்டி அச்சின்மேல் அடுக்கும் பணிக்கு முதுகலைப் பட்டம் வேண்டியதில்லை. தொழிற்சான்றிதழும் டிப்ளோமாவும் பெற்றவர்களே அதனைச் செய்கின்றனர். ஆலையில் உற்பத்தியை நடத்தும் பொறியியலாளருக்கும் பெரும்பாலும் இளங்கலைப் பட்டமே போதும். அடுக்குகள் ஏன் பிரிந்தன, ஈரம் புகுந்தால் வலிமை எவ்வளவு குறையும், இந்த இழைக்கு மாற்றாக வேறோர் இழையை இடலாமா என்னும் வினாக்களுக்கு விடை காண்பவருக்கே இம்மேற்படிப்பு பயன்படும்.

அவ்வாறு விடை கண்டதால் விளைந்த பயனுக்கு நம் ரப்பரையே சான்றாகக் காட்டலாம். ரப்பர்க் கட்டியொன்றின்மேல் பெரும்பாரம் ஏற்றினால் அது பக்கவாட்டில் பிதுங்கும். ரப்பர்த் தகடுகளையும் எஃகுத் தகடுகளையும் மாறிமாறி அடுக்கிப் பிணைத்தால், எஃகு அப்பிதுக்கத்தைத் தடுக்கிறது. அவ்வடுக்கு மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் மட்டும் மென்மையாக அசைந்துகொடுக்கும். நிலநடுக்கத்தின் ஆட்டத்தைக் கட்டடத்திற்கு எட்டவிடாமல் குறைக்க வேண்டுவது இதுவே. மலேசிய ரப்பர் உற்பத்தியாளரின் ஆராய்ச்சிக் கழகம் இங்கிலாந்திலிருந்த தன் ஆய்வுக்கூடத்தில் இம்முறையை வளர்த்தெடுத்தது. 1985இல் கலிபோர்னியாவில் எழுப்பப்பெற்ற நீதிமன்றக் கட்டடமொன்று இத்தகைய 98 தாங்கிகளின்மேல் நிற்கிறது. 2014இல் திறக்கப்பெற்ற பினாங்கு இரண்டாவது பாலத்திலும் இயற்கை ரப்பர்த் தாங்கிகள் பொருத்தப்பட்டுள்ளன. விடியுமுன் நீங்கள் எழுந்து வெட்டும் பால் சென்றடையும் இடங்களுள் இதுவும் ஒன்று என்பதை நம் பிள்ளைகள் பாடநூலில் படிப்பதைக் காட்டிலும் உங்கள் வாயால் கேட்பது நன்று.

இனிப் படிப்பின் முறைக்கு வருவோம். முதுகலை இருவகைப்படும். ஒன்று, வகுப்பில் பாடம் கேட்டுத் தேர்வெழுதி, இறுதியில் சிறு ஆய்வொன்றைச் செய்து முடிப்பது. முழுநேரம் படித்தால் ஓராண்டு முதல் ஈராண்டு வரை ஆகும். மற்றது, ஒரு பேராசிரியரின் கீழ் ஒரே ஆய்வை மேற்கொண்டு ஆய்வேடு எழுதுவது. பொதுவாக ஈராண்டு ஆகும், சிலருக்கு மேலும் நீளும். மாதிரித் துண்டுகளைச் செய்து, இழுத்தும் வளைத்தும் மோதியும் முறித்து, முறிந்த முகத்தை நுண்நோக்கியில் காண்பதே அம்மாணவரின் அன்றாட வேலை. நிபோங் திபாலிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் பொருள்களுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் இயற்கை இழைகள் ஆராயப்படுகின்றன. பழம் உதிர்த்தபின் எஞ்சும் செம்பனைக் குலையின் நாரும் அவற்றுள் அடங்கும்.

பணத்தைப் பொறுத்தமட்டில் இவ்விரு வகைகளுக்குமிடையே வேறுபாடு பெரிது. பாடவழிப் படிப்பில் கட்டணம் பெரும்பாலும் குடும்பத்தின் தலைமேல் விழும். ஆய்வுவழிப் படிப்பிலோ, பேராசிரியரிடம் ஆய்வு மானியம் இருப்பின், மாணவரை ஆய்வு உதவியாளராக அமர்த்தி மாதந்தோறும் படி வழங்குவதுண்டு. அது ஆலைச் சம்பளத்திற்கு ஈடாகாது; ஆயினும் பிள்ளையின் உணவுக்கும் உறைவிடத்திற்கும் வீட்டுப் பணத்தை நம்பியிராமல் காக்கும். ஓய்வு பெறும் நாளில் தோட்டத்து வீட்டை விட்டு வெளியேற வேண்டிய தந்தை, சொந்த வீட்டிற்கென ஒதுக்கிய சேமிப்பை இப்படிப்பில் இடுவதை நான் ஏற்கமாட்டேன். வட்டி முதலைகளிடம் கைநீட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டா. வீட்டில் முடை இருப்பின், பிள்ளை முதலில் வேலைக்குச் செல்லட்டும். இரண்டு மூன்றாண்டுகள் ஆலையில் பழகியபின் பகுதிநேரமாகப் படிக்கலாம். ஆலையில் எது உடைகிறது என்பதைக் கண்ணால் கண்டவர் ஆய்வில் கேட்கும் கேள்வியும் கூர்மையாகவே இருக்கும்.

மற்றுமொரு செய்தி. மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிவுபெற அடிப்படையாக இருப்பது அங்கீகாரம் பெற்ற இளங்கலைப் பொறியியல் பட்டமே. அவ்வங்கீகாரமில்லாத இளங்கலையை முதுகலை கொண்டு ஈடுசெய்யலாம் என்று எவரேனும் கூறினால் நம்பற்க. தனியார் கல்லூரி எதுவாயினும், அதன் படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் உள்ளதா என்று பார்த்தபின் பணம் கட்டுக.

விண்ணப்பம் அனுப்புமுன் பிள்ளை அப்பேராசிரியரை நேரில் கண்டு சில கேள்விகளைக் கேட்க வேண்டும். ஆய்வுப்பொருள் யாது, மானியம் எத்தனை மாதங்களுக்கு இருக்கிறது, சோதனைப் பொறிகள் வளாகத்திலேயே உள்ளனவா, முன்னர் அவரிடம் பயின்றோர் எத்தனை ஆண்டுகளில் முடித்தனர், இப்பொழுது எங்கே பணிபுரிகின்றனர் என்பனவே அவை. விடைகளைத் தாளில் குறித்துவந்து உங்கள்முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன்பின் குடும்பமாக அமர்ந்து முடிவு செய்யுங்கள்.