தனுஷ்கோடி: ரயில் வளர்த்த ஊர்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்பைத் தேடி ஊர் விட்டு வந்தவர்கள் நாம். நம்மில் ரயில் ஏறாமல் இங்கு வந்து சேர்ந்த குடும்பம் அநேகமாக இருக்காது. ஆகவே இன்று ஒரு ரயில் ஊரைப் பற்றிப் பேசுவோம். ரயிலால் வளர்ந்து, ஒரே இரவில் அழிந்து, பிறகு அரசாங்கத்தின் கணக்கிலிருந்தும் அடித்துவிடப்பட்ட தனுஷ்கோடியைப் பற்றி.

தனுஷ்கோடி என்றதும் நம் பெரியவர்கள் தீர்த்தம் என்பார்கள், சேது என்பார்கள். உண்மைதான். தீர்த்தமாடுகிறவர்களுக்கும் மீனவர்களுக்கும் அந்த மணல் முனை வெகு காலமாகத் தெரியும். ஆனால் ஸ்டேஷன், சுங்கச் சாவடி, தபால் தந்தி ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோவில், ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று அது ஊராகத் தழைத்தது ரயில் வந்த பிறகுதான்.

1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கடலுக்கு மேல் 145 கண்கள். கப்பல் வந்தால் நடுவில் தூக்கிக்கொள்ளும் பாலம். இன்று பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: அந்தக் காலத்தில் பாம்பனிலிருந்து பிரதான பாதை போனது தனுஷ்கோடிக்குத்தான், ராமேஸ்வரத்துக்குப் போனது கிளைப் பாதை. எழும்பூரில் ஏறியவர் போட் மெயிலில் தனுஷ்கோடி வரை வந்து, அங்கே ஸ்டீமர் ஏறி, 22 மைல் கடல் கடந்து தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போவார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்!

வெள்ளைக்காரன் இத்தனை பணத்தைக் கடலில் கொட்டியது, நம் ஜனங்கள் சேதுவில் முழுகிப் புண்ணியம் சேர்க்கட்டும் என்றா? இலங்கையோடு வியாபாரம் இருந்தது. அதற்கு மேல், கண்டிச் சீமையின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்கு முந்திய தலைமுறை, கங்காணியின் பின்னால் மன்னார்க் காட்டு வழியே கால்நடையாகப் போனது. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தோட்டத் துரைக்குக் கூலி செத்தால் நஷ்டம். ரயில் அந்த நஷ்டத்தைக் குறைத்தது.

அதிலும் இரண்டு வழி வைத்தார்கள். காசுள்ளவர் போட் மெயிலில் நேரே போய்விடுவார். தோட்டத்துக்குப் போகிறவர் மண்டபம் முகாமில் இறங்க வேண்டும். நம் மண்ணில் இருந்த அந்த முகாமை நடத்தியது இலங்கை சர்க்கார். அம்மை குத்தி, மருந்து கொடுத்து, சில நாள் அடைத்து வைத்து, நோயில்லை என்று கண்ட பிறகே கப்பலுக்கு அனுப்பினார்கள். மண்டபம் கேம்ப் என்ற பெயர் இன்றும் நிற்கிறது.

தனுஷ்கோடியின் பிழைப்பு எல்லாம் அந்தக் கப்பலையும் வண்டியையும் நம்பித்தான். ஸ்டேஷன் மாஸ்டர் முதல் பாயிண்ட்ஸ்மேன், கேங்மேன் வரை ரயில்வேக்காரர்கள்; மூட்டை தூக்குகிற போர்ட்டர்கள்; சாப்பாட்டுக் கடைக்காரர்கள்; இவர்களுக்கு மீன் கொடுத்த கடலோரக் குடும்பங்கள். இரண்டு பக்கமும் கடல். ஆனாலும் மணலில் கொஞ்சம் தோண்டினால் குடிக்கிற நல்ல தண்ணீர் ஊறும். பெண்கள் அந்த ஊற்றில் குடம் நிரப்பினார்கள். அங்கே இருக்கிற மீனவக் குடும்பங்களின் பெண்கள் பின்னாளிலும் அப்படித்தான் தண்ணீர் எடுத்தார்கள்.

இனி 1964-க்கு வருவோம்.

அந்த வருஷம் அக்டோபர் 30-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் 1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்ட தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். பங்கு போடப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. அவர்கள் திரும்பி வரவேண்டிய வாசல் தனுஷ்கோடி.

இரண்டு மாதம் ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து இரவு 11.55-க்குப் புறப்பட்ட 653-ம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் முழுகியது. பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர் 5 பேர் என்றது சர்க்கார் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் அதில் சேரவில்லை. ஆகவே இருநூறு பேர் வரை இருக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. (செத்த பிறகும் கணக்கில் ஏற டிக்கெட் வேண்டியிருக்கிறது!) இரு கரையிலும் சேர்த்து மாண்டவர்கள் 1,800-க்கு மேல் என்கிறார்கள்.

பாம்பன் பாலத்தில் 126 கர்டர்கள் கடலுக்குப் போயின. ஆறு மாதத்தில் சரிசெய்யலாம் என்றது ரயில்வே. மேலதிகாரி மூன்று மாதம் கெடு கொடுத்தார். ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயரின் தலைமையில் 46 நாளில் வேலை முடிந்தது. கடலடியில் கர்டர் கிடப்பதை வந்து சொன்னவர்கள் மீனவர்கள். முழுகிய இரும்பைத் தூக்கி மறுபடி மாட்டினார்கள். அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். பாராட்டு எஞ்சினீயருக்குக் கிடைத்தது, அது நியாயமே. மீனவருக்கும் கர்டர் தூக்கிய கூலிக்கும் என்ன கிடைத்தது?

தனுஷ்கோடிக்குக் கிடைத்தது ஓர் அறிவிப்பு: மனிதர் வாழத் தகுதியற்ற இடம். பாதை ராமேஸ்வரத்தோடு நின்றது. பிரதான பாதை அழிந்து, கிளை பிரதானமாகிவிட்டது. கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறியது. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட தோட்டத் தமிழர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். தாத்தாவை அனுப்பி வைத்த அதே மண்டபம் முகாமில் பேரனுக்கு இடம் கொடுத்தார்கள். 1983-க்குப் பிறகு அகதிகள் வந்தபோதும் அதே முகாம்தான்.

புயல் மறுபடி வரும், அந்த மணலில் ஊர் வைப்பது ஆபத்து என்று அரசு சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் சண்டை அதோடு அல்ல. வாழத் தகுதியில்லை என்று தீர்த்த இடத்தில் மீனவர்கள் மட்டும் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு வாழ்ந்தே வந்தார்கள். மின்சாரம் இல்லை, ரோடு இல்லை. ஐம்பது வருஷம் அதைக் கேட்பாரில்லை. சுற்றுலாக்காரர் வரத் தொடங்கிய பிறகு, 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது. 2019-ல் தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் பாதை என்று அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் பாம்பனில் புதுப் பாலமும் திறந்தார்கள்.

ரயில் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? ஆனால் அந்த மணலுக்கு விலை ஏறும் நாளில், புயலுக்குப் பின்னும் அங்கேயே வலை காயப்போட்டவர்களுக்கு எந்தக் காகிதம் இருக்கிறது? இந்த நகரத்தில் குடிசை போட்டு, ரேஷன் கார்டுக்கும் வீட்டுச் சீட்டுக்கும் அலைந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

நம் வீடுகளில் மண்டபம் கேம்ப் வழியாகப் போனவர்கள், திரும்பி வந்தவர்கள் இருந்தால், அவர்களுடைய பழைய பாஸ்போர்ட்டு, தோட்டத்துத் துண்டு, எதுவாக இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதி வையுங்கள். வந்த தேதி, ஏறிய கப்பல், இறங்கிய ஸ்டேஷன், கூட வந்தவர்களின் பெயர், அவ்வளவு போதும்.