மிசா காலம்



1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை சர்க்கார் ஏட்டில் 'அவசர நிலை'. இங்கே இந்திக்காரர் 'ஆபாத்கால்' என்பார். நம் ஆபத்தும் காலமும்தான் அது! நம் பெரியவர்களுக்கோ அது மிசா காலம். மிசா ஆள்பெயரா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இல்லை, விசாரணையின்றிச் சிறையில் வைக்க 1971-இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கில முதலெழுத்துகள்.

ரயில்வேக்காரர்களாகிய நமக்கு அந்தக் காலம் ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டது. எட்டு மணி நேர வேலையும் போனசும் கேட்டு 1974 மே மாதம் வேலைநிறுத்தம் செய்தோம். தலைவர்கள் மேல் மிசா பாய்ந்தது. குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்கள் வெளியே தள்ளப்பட்டன. அந்தத் தாய்மார்களை யார் கணக்கில் எழுதினார்கள்?

சட்டம் 1978-இல் ரத்தாயிற்று. தமிழ்நாட்டில் அன்று சிறை சென்றவர் பலருக்கு 'மிசா' பெயரோடு ஒட்டிய பட்டமாகிவிட்டது.