மஞ்சள்: உணவில் துணை, மருந்துக்கு மாற்றன்று

 

மூட்டு வலியால் துன்புறும் முதியோர் இல்லாத தெரு நம் கொட்டிவாக்கத்தில் இல்லை. அத்தகையோரிடம், "மாத்திரையை விட்டுவிடுங்கள், மஞ்சள் போதும்" என்று அறிவுரை கூறுவோரும் உளர். அது எந்த அளவுக்கு உண்மை என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

காயம் பட்டாலோ கிருமி நுழைந்தாலோ அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரள்வதன் அடையாளமாகிய இதனை அழற்சி என்கிறோம். வேலை முடிந்ததும் அது தணிய வேண்டும். முடக்குவாதத்திலோ அது தணிவதில்லை. காக்க வேண்டிய ஆற்றலே நம் மூட்டுகளைத் தாக்குகிறது.

மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள் குர்குமின். அது விலங்குகளில் வீக்கத்தைக் குறைப்பதை லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் 1973இல் வெளியிட்டனர். 1980இல் வெளியான மற்றோர் இந்திய ஆய்வில், முடக்குவாத நோயாளிகள் 18 பேருக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் குர்குமின் அளிக்கப்பட்டது. காலை நேர விறைப்பும் வீக்கமும் குறைந்தன. ஆயினும் அது மிகச் சிறிய, குறுகிய கால ஆய்வே.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்குதான். 1200 மில்லிகிராம் பெற நாள்தோறும் 40 கிராம் தூள் உண்ண வேண்டும். எந்த வீட்டுக் குழம்பும் அதைத் தாங்காது!

மேலும், உண்ட குர்குமினில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் சேர்கிறது. எஞ்சியதைக் குடலும் கல்லீரலும் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. மிளகிலுள்ள பைப்பரின் இதனைத் தாமதப்படுத்துகிறது. 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது, உடலில் சேரும் அளவு ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்ததைப் பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் கண்டனர். மஞ்சளும் மிளகும் சேர்த்துச் சமைக்கும் நம் வழக்கம் நல்ல வழக்கமே.

ஆனால் இவ்விரண்டின் சாற்றையும் செறிவாக்கி விற்கப்படும் மாத்திரைகள் வேறு. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்புற்ற 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் அறிவித்தனர். அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். பைப்பரின் பிற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தக்கூடும்.

எனவே நோன்புக் கஞ்சியிலும் குழம்பிலும் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். நம் கடற்கரையில் கிடைக்கும் மத்தி, கானாங்கெளுத்தி மீன்களின் ஒமேகா-3 கொழுப்பும் அழற்சி தணியத் துணைபுரியும். ஆயினும் முடக்குவாதத்தில் சிதைந்த மூட்டு மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள். புதிய மாத்திரை எதையும் அவரிடம் கேளாமல் தொடங்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.