கரண்டியைக் கொடுத்தபின் கையை எடுங்கள்

(சங்கக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



கிளைக் கூட்டமென்றால் சம்பளம், விடுமுறை, லயத்துக் கூரை, குழாய்த் தண்ணீர் இவற்றைப் பேசுவதே வழக்கம். இன்று நம் வீட்டுக்குள் நடக்கும் ஒன்றைப் பேச வந்திருக்கிறோம். இதுவும் சங்கத்தின் விஷயந்தான் என்பதைப் பேச்சு முடிவதற்குள் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

கித்தாக் காடுகள் பல செம்பனைக் காடுகளாயின. பல வீடமைப்புப் பகுதிகளாயின. நம் பிள்ளைகளுக்குப் பால்வாளி இல்லை. அவர்கள் தோசைக்கல்லின் முன் நிற்கிறார்கள். ஒரு வீட்டுப் பையன் பட்டணத்து ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் வீசுகிறான். ஒரு வீட்டுப் பெண் இரவுச் சந்தையில் வடை சுடுகிறாள். இன்னொருத்தி அடுக்களையிலேயே பிரியாணி சமைத்து, கைப்பேசியில் கேட்பவர்களுக்கு அனுப்பி வைக்கிறாள். மகன் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வரும் தகப்பனார் அன்று லயத்தில் நிமிர்ந்து நடக்கிறார். நடக்கட்டும்! விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாய் மரம் சீவி வளர்த்த பிள்ளை தன் பெயரில் கடை வைத்தால் பெருமைப்படாத பெற்றோர் உண்டோ?

பெருமை நல்லது. ஆனால் அந்தப் பெருமை மெல்ல மெல்ல அதிகாரமாக மாறுகிறது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

தகப்பனார் கல்லாவில் போய் உட்காருகிறார். தோட்டத்து ஆள் வந்தால், "நம்ம ஆள்தானே, கணக்கில் எழுதிக்கொள்" என்கிறார். மகன் வாய் திறக்க முடியவில்லை. மாதக் கடைசியில் மாவு வாங்கப் பணமில்லை. தாயார் குழம்பை ருசி பார்த்து, வந்தவர் காதில் விழும்படி, "நான் சொன்ன பக்குவம் இதுவா?" என்று கேட்கிறார். மருமகள் முகம் சுண்டிப் போகிறது. பிள்ளைக்கு நல்லது செய்யத்தான் இருவரும் வந்தார்கள். ஆனால் கடைக்கு முதலாளி யார் என்பது கடையில் வேலை செய்பவருக்கும் தெரியவில்லை, சாப்பிட வந்தவருக்கும் தெரியவில்லை.

தாய்மார்களே, கைப்பக்குவம் மாறிப்போகிறதே என்று வருந்துகிறீர்கள். நம் பாட்டிமார் கப்பலேறி வந்தபோது நாசி லெமாக்கையும் மீ கோரெங்கையும் மூட்டையில் கட்டிக்கொண்டா வந்தார்கள்? இந்த மண்ணில் அண்டை அயலாரைப் பார்த்துக் கற்றார்கள். பிளாச்சான் நம் அடுக்களைக்குள் வந்தது. மலாய்க்காரரும் சீனரும் சாப்பிட வரும் கடையில் உங்கள் மகள் உறைப்பைச் சற்றுக் குறைத்தால், பாட்டி செய்ததைத்தான் பேத்தியும் செய்கிறாள் என்று எண்ணுங்கள்.

தகப்பன்மார்களே, "ஆறு மாதமாயிற்று, இலாபம் எங்கே?" என்று கேட்கிறீர்கள். கித்தாக் கன்றை நட்டால் பால் எடுக்க எத்தனை காலம் காத்திருக்கிறோம்? ஐந்து முதல் ஏழு ஆண்டு. அவசரப்பட்டு இளமரத்தைச் சீவுகிறவனை நாம் தொழில் தெரிந்தவன் என்று சொல்லுவதில்லை. கத்தி ஆழமாக இறங்கினால் பட்டை புண்பட்டு, மறுபடி நேராக வளராது என்பதும் உங்களுக்குத் தெரியும். மரத்துக்குக் காட்டும் பொறுமையை மகனுக்குக் காட்டலாகாதா?

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். தோட்ட அலுவலகத்தில் இருக்கும் நம்மிடம் 55 வயதை எட்டியவர்கள் வந்து, "ஐயா, சேமநிதிக்கு மனு எழுதித் தாருங்கள், பையன் கடை வைக்கிறான், முழுவதையும் எடுக்கவேண்டும்" என்கிறார்கள். எழுதித் தருகிறோம், மனம் பதைக்கிறது. 1951ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி தொடங்கியது, உழைத்து ஓய்ந்தவன் பிறர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்காக. தோட்ட வீடு வேலையோடு வந்தது; வேலை போனால் வீடும் போகும். அப்புறம் அந்தப் பணம்தான் உங்கள் கூரை. அதை முழுவதும் அடுப்பில் போட்ட தகப்பன், கல்லாவைவிட்டு எப்படி எழுந்திருப்பார்? பயம் அவரை எழுந்திருக்க விடாது. பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஆகவே ஒரு பங்கு மட்டும் கொடுங்கள். அது கடனா, கொடையா என்பதை எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் சொல்லுங்கள். மீதிக்கு வேறு வழிகளைப் பிள்ளை தேடட்டும். தெக்குன் நேஷனலில் இந்தியச் சமூகத்தினருக்கென ஸ்புமி என்ற கடன் திட்டம் உண்டு. 1987இல் தோன்றிய அமானா இக்தியார் மலேசியா, வருமானம் குறைந்தவர்களுக்கு ஈடு கேட்காமல் சிறுகடன் தருகிறது. கடையைப் பிள்ளையின் பெயரிலேயே பதியச் சொல்லுங்கள். தொடங்கிய 30 நாளுக்குள் பதியவேண்டும் என்பது சட்டம். சொந்தப் பெயரென்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயரென்றால் 60 வெள்ளி. உணவைக் கையாளுபவர் பயிற்சி பெறவேண்டும், டைபாய்டு தடுப்பூசி போடவேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு விதி. இவற்றுக்கு அலைவதும் பிள்ளையின் வேலையே. நீங்கள் அலைந்து முடித்துக் கொடுத்தால் அவன் கற்றுக்கொள்ளமாட்டான்.

தோழர்களே, இத்தனையும் விட்டுக்கொடுக்கச் சொன்னோம். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சங்கம் நமக்குக் கற்பித்த பாடம் அது.

கடை வளர்ந்தால் உங்கள் பிள்ளை ஓர் ஆளை வேலைக்கு வைப்பான். மாவு பிசைய ஒருவன், மங்கு கழுவ ஒருத்தி. அன்றைக்கு அவன் முதலாளி. துரையின் நாற்காலியில் நம் வீட்டுப் பிள்ளை! அந்தத் தொழிலாளிக்கு அவன் என்ன கொடுக்கிறான்? 2025 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து ஐவருக்குக் குறைவான ஆட்களை வைத்திருக்கும் கடைக்கும் 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளம் பொருந்தும். வாரத்துக்கு 45 மணிக்குமேல் சாதாரண வேலைநேரம் கூடாது என்பது 2023 முதல் சட்டம். வார ஓய்வு உண்டு, சேமநிதி உண்டு. "சின்னக் கடைதானே அப்பா" என்று பிள்ளை சொல்வான். நம் தோட்டத்து முதலாளிகள் சொன்ன சாக்குகளை நாம் மறந்தோமா? அங்கே மட்டும் தகப்பன் வாய் திறக்கட்டும். கல்லாவில் உட்கார்ந்து அல்ல, சங்கத்து ஆளாக நின்று கேளுங்கள்.

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து தேங்காய் துருவும் தாயும் அந்தக் கடையில் தொழிலாளிதான். அவள் விருப்பத்தோடு செய்யட்டும், கூலியோடும் செய்யட்டும். கடை வைத்த பிள்ளைக்கோ சேமநிதி கட்ட முதலாளி யாருமில்லை; அவனே தன் பெயரில் கட்டவேண்டும். ஐ-சாரான் திட்டத்தில் அவன் கட்டுவதற்கு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, 2025 முதல் அரசாங்கம் சேர்த்துத் தருகிறது. கடையில் அடிபட்டால் காக்க, 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ இருக்கிறது. இவற்றைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

எல்லாக் கடையும் நிலைக்காது. மூடவேண்டி வந்தால், "அப்போதே சொன்னேனே" என்ற சொல் உங்கள் வாயில் வரவேண்டாம். தட்டில் சோறு போட்டு, பிள்ளை தானாகப் பேசும்வரை காத்திருங்கள். நிலைத்துவிட்டால், ஒரு நாள் அந்தக் கடைக்குப் போங்கள். மேசையில் அமருங்கள், கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், காசைக் கொடுங்கள். பிள்ளை வாங்க மறுப்பான். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வாருங்கள்.